பாடபேதம்

கோழிப்பண்ணையில் வெள்ளைக் கழிச்சல் என்று சந்தேகம் வந்தால், இறந்த கோழியின் மண்ணீரலிலிருந்து ஒரு துணுக்கு ஆய்வகத்துக்குப் போகும். அங்கே அதற்காகக் காத்திருப்பது ஒரு முட்டை. அடைவைத்து ஒன்பது பத்து நாளான கருமுட்டை. இருட்டறையில் விளக்குக்கு நேரே பிடித்தால், ஓட்டுக்குள் சிவப்பு ரத்தக் குழாய்கள் வேர்போலக் கிளைவிட்டிருப்பதும், நடுவில் ஒரு கரிய புள்ளி அசைவதும் தெரியும். அகலமான முனையில் காற்றறை எங்கே முடிகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார்கள். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே ஊசிமுனை நுழையும் அளவு துளை. அரைத்து வடிகட்டிய மண்ணீரல் சாற்றில் சில துளிகளை உள்ளே செலுத்தி, துளையை மெழுகால் அடைத்து, மறுபடி அடைகாப்பானில் வைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் கரு இறந்துபோகும். முட்டைக்குள்ளிருக்கும் நீரை எடுத்துக் கோழியின் ரத்த அணுக்களோடு கலந்தால், அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலைபோலப் படியும். வைரஸ் அகப்பட்டது.

நாமக்கல் பக்கத்தில் இதெல்லாம் அதிசயமில்லை. இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-இல் வந்தது. அதைச் சுற்றிலும் பண்ணைகள். “லசோட்டா போட்டாச்சுங்களா?” என்பது பண்ணைக்காரர்கள் டீக்கடையில் கேட்டுக்கொள்ளும் கேள்வி. லசோட்டா வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து. நியூஜெர்சியில் 1946-இல் ஒரு பண்ணையிலிருந்து பிரித்தெடுத்த வைரஸ்தான் அது. அந்தப் பண்ணைக்காரரின் குடும்பப் பெயரைத்தான் நம் ஊர்க்காரர்கள் தினம் உச்சரிக்கிறார்கள். 1931-இல் எர்னஸ்ட் குட்பாஸ்சரும் அலைஸ் உட்ரஃபும் கருமுட்டையில் வைரஸ் வளர்த்துக் காட்டியதிலிருந்து, வைரஸுக்கு முட்டைதான் வயல். இன்ஃபுளுவென்சா தடுப்பூசிகூட இன்றைக்கும் பெரும்பாலும் முட்டையில் விளைவதுதான்.

இந்த அத்தியாயத்தின் வைரஸ் முட்டையில் வளராது. குரங்குச் செல்லில் வளரவில்லை, எலியில் வளரவில்லை, கண்ணாடித் தட்டில் வைத்த மனிதச் செல்லிலும் வளர மறுத்தது. மின்னணு நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெளிவாகத் தட்டுப்படவும் இல்லை. அப்படியிருந்தும் அதைப் பிடித்தார்கள். எப்படியென்றால், உருவத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் எழுத்தைப் படித்துவிட்டார்கள். ஹெபடைட்டிஸ் சி வைரஸைப் பற்றி நமக்குத் தெரிந்த ஏறக்குறைய எல்லாமே அந்த எழுத்திலிருந்து வந்ததுதான்.

1970-களின் நடுவில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தின் ரத்த வங்கியில் ஹார்வி ஆல்ட்டர் ஒரு கணக்கைத் தீர்க்க முடியாமல் இருந்தார். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வருகிறது. ‘பி’ வைரஸுக்குச் சோதித்தால் இல்லை. 1973-இல் கண்டுபிடித்த ‘ஏ’ வைரஸுக்குச் சோதித்தாலும் இல்லை. வேறு வழியின்றி ‘ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத அழற்சி’ என்று பெயரிட்டார்கள். பதினைந்து வருடம் அந்த நோய்க்கு இன்னதல்ல என்பதே பெயராக இருந்தது. நோயாளியின் ரத்தத்தைச் சிம்பன்சிக்குச் செலுத்தினால் அதற்கும் நோய் வந்தது. ஆக, தொற்றும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

கலிஃபோர்னியாவில் கைரான் என்ற நிறுவனத்தில் மைக்கேல் ஹாட்டன், க்வீ-லிம் சூ, ஜார்ஜ் குவோ மூவரும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் டேனியல் பிராட்லி அனுப்பிய சிம்பன்சி ரத்தத்திலிருந்து மரபுப் பொருள் முழுவதையும் பிரித்தார்கள். வைரஸ் எது, சிம்பன்சி எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் துண்டு துண்டாக்கிப் பாக்டீரியாவுக்குள் புகுத்தினார்கள். பாக்டீரியா ஒவ்வொரு துண்டையும் படித்து ஒரு புரதத் துணுக்கைச் செய்யும். நோய் கண்ட ஒருவரின் ரத்தநீரில் அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தாக வேண்டும். அது எந்தத் துணுக்கைப் போய்ப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் துண்டுகளைச் சலித்ததில் ஒரே ஒரு துண்டு ஒட்டியது. ஒரு முழு ஏட்டிலிருந்து கிழிந்து விழுந்த நறுக்கு மாதிரி. அதன் இரு பக்கமும் ஒட்டும் அடுத்தடுத்த துண்டுகளைத் தேடிக் கோத்து, 1989 ஏப்ரலில் வெளியிட்டார்கள். 2020-இல் ஆல்ட்டர், ஹாட்டன், இதே வைரஸை ஆராய்ந்த சார்லஸ் ரைஸ் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. நோபல் மூவருக்கு மேல் தர மாட்டார்கள். சூவும் குவோவும் வெளியே நின்றார்கள். அந்த இருவரைச் சேர்க்கவில்லை என்பதற்காக 2013-இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருதை வேண்டாம் என்று சொன்னவர் ஹாட்டன். அந்த மறுப்பை நான் நோபலுக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

எழுத்து கைக்கு வந்தது. 9,600 எழுத்துகள், சற்று முன்பின்னாக. ஆர்.என்.ஏ.-வின் நெடுங்கணக்கில் நான்கே எழுத்து: ஏ, சி, ஜி, யு. அதில் ஒரே நீண்ட வாக்கியம். அந்த வாக்கியத்திலிருந்து மூவாயிரம் அமினோ அமிலம் கொண்ட ஒரே புரதச் சங்கிலி உருவாகும். அதைச் செல்லின் கத்தரிகளும் வைரஸின் கத்தரிகளும் சேர்ந்து பத்துத் துண்டுகளாக நறுக்கும். வைரஸின் சொத்து அவ்வளவே.

ஆனால் உலகத்தின் மூலைமூலையிலிருந்து ஆய்வகங்கள் தங்கள் ஊர் நோயாளியின் வைரஸைப் படித்து அனுப்பத் தொடங்கியபோது, எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். 1880 அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசாமி முதலியார். பார்க்க வந்த கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையரிடம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் சாமிநாதையரின் வாழ்க்கையைத் திருப்பியது. முதலியார் கொடுத்த பிரதியில் பிழைகள் மலிந்திருந்தன. இன்னொரு பிரதி தேடினார். அதில் வேறு பிழைகள். ஊர் ஊராகப் போய்ப் பிரதிகளைச் சேர்த்து, வரி வரியாக ஒத்துப் பார்த்து, பாடபேதங்களைக் குறித்துக்கொண்டு, 1887-இல் நூலை அச்சிட்டார்.

பல பிரதிகளை ஒத்துப் பார்ப்பவருக்கு ஒரு நுட்பம் தானே பிடிபடும். இரண்டு பிரதிகள் ஒரு வரியைச் சரியாக எழுதியிருந்தால் அவை உறவா இல்லையா என்று சொல்ல முடியாது. ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்திருந்தால் இரண்டும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதியவை. பொதுவான பிழைதான் உறவுக்குச் சாட்சி. பிழைகளைக் கோத்துக்கொண்டே போனால் எந்த ஏடு எந்த ஏட்டின் பிள்ளை, எது பேரன் என்று ஒரு வம்ச மரம் வரைந்துவிடலாம். வைரஸின் வகைப்பாடு முழுவதும் இந்த ஒரு யுக்தியின் மேல்தான் நிற்கிறது. சாமிநாதையர் பிழைகளைக் களைந்து மூலத்தைத் தேடினார். வைரஸ் ஆராய்ச்சியாளர் பிழைகளையே சேகரிக்கிறார். வேலை ஒன்றுதான்.

ஹெபடைட்டிஸ் சி எவ்வளவு அவசரமான எழுத்தர் என்று பாருங்கள். நகலெடுக்கும் அதன் நொதிக்கு எழுதியதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் கிடையாது. பத்தாயிரத்திலிருந்து லட்சம் எழுத்துக்கு ஒன்று பிழையாகும். நூலே 9,600 எழுத்துதான் என்பதால் ஒரு பிரதிக்குச் சராசரியாக ஒரு பிழைகூட வராமல் போகலாம், பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஒரு நோயாளியின் உடம்பில் ஒரு நாளைக்கு உருவாகும் பிரதிகள் லட்சம் கோடி. எந்த எழுத்து மாற முடியுமோ அது மாறிய பிரதி, இன்று மாலைக்குள் அந்த உடம்பில் எங்காவது இருக்கும். ஒருவருக்குள் இருப்பது ஒரு வைரஸ் அல்ல. ஒன்றையொன்று ஒத்த, ஒன்றிலிருந்து ஒன்று சற்றே விலகிய பெரும் கூட்டம். உறையிலிருக்கும் ஈ2 என்ற புரதத்தில் 27 அமினோ அமிலம் கொண்ட ஒரு பகுதி, மாதத்துக்கு மாதம் வேடம் மாறும். உடம்பு ஓர் எதிர்ப்பொருளைச் செய்து முடிப்பதற்குள் பிடிக்க வேண்டிய முகம் மாறிவிட்டிருக்கும். தொற்றியவர்களில் பாதிக்கு மேல் நிரந்தர நோயாளி ஆவது இதனால்தான்.

வெள்ளைக் கழிச்சல் வைரஸிலும் இருபதுக்கு மேற்பட்ட மரபணு வகைகள் உண்டு. ஆனால் எதிர்ப்பொருளின் கண்ணுக்கு அவை எல்லாம் ஒரே இனம். எழுபது எண்பது வருடப் பழைய லசோட்டா, இன்றைய நாமக்கல் கோழியை வேறு வகை வைரஸிலிருந்தும் சாகாமல் காப்பது அதனால். ஹெபடைட்டிஸ் சி-க்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை.

மாறாத இடமும் ஒன்று இருக்கிறது. நூலின் தொடக்கத்தில், வாக்கியம் ஆரம்பிப்பதற்கு முன்னால் உள்ள 341 எழுத்துகள். எல்லாப் பிரதியிலும் மாறாமல் வரும் காப்புச் செய்யுள் போல. அதன் மடிப்புகளைச் செல்லின் புரத ஆலை பிடித்துக்கொண்டால்தான் வாசிப்பே தொடங்கும். அங்கே பிழை செய்த பிரதி பிழைக்காது. ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனை தேடுவது இந்தக் காப்பைத்தான். என்ன வகை என்று அறிய வேண்டுமானால் மாறும் இடத்தைப் படிக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஜப்பானில் ரோமன் எண், இன்னோரிடத்தில் வேறு குறி. ஒரே வைரஸ் மூன்று கட்டுரையில் மூன்று பெயரோடு உலவியது. எடின்பரோவில் பீட்டர் சிம்மண்ட்ஸ், நகலெடுக்கும் நொதிக்கான பகுதியை மட்டும் எடுத்துப் பிழைகளை ஒத்து மரம் வரைந்து, 1993-இல் ஆறு பெருங்கிளைகள் இருப்பதாகக் காட்டினார். கிளைக்கு எண், சிறு கிளைக்கு எழுத்து: 1ஏ, 1பி, 3ஏ. டி.என். 28 என்றதும் நாமக்கல் லாரி என்று சொல்வதைப் போல, 3ஏ என்றதும் உலகத்தில் எந்த ஆய்வகத்துக்கும் புரிந்தது. பெருங்கிளைகளுக்கு நடுவே நூறில் முப்பது எழுத்து வேறுபடும். மனிதனையும் சிம்பன்சியையும் எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு நூறில் ஒன்றுதான். ஒரே பெயரில் அழைக்கும் ஒரு வைரஸுக்குள் அத்தனை தூரம்.

எந்த ஊரில் பாடபேதம் மிகுதியோ அந்த ஊரில் நூல் பழையது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் 1, 2, 4 வகைகளின் சிறு கிளைகள் காடாக மண்டியிருக்கின்றன. தென்கிழக்காசியாவில் 6. மூன்றாம் வகையின் பல கிளைகள் நம் துணைக்கண்டத்தில். இங்கே அது நெடுங்காலக் குடி.

தமிழ்நாட்டில் இந்த எழுத்துகளை முதலிலிருந்து படித்து வந்த இடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. பின்னாளில் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் இயக்குநரான பிரியா ஆபிரகாமும் அவருடைய குழுவினரும் பத்தாண்டுகளில் பார்த்த 451 நோயாளிகளின் கணக்கை 2013-இல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானவர்களுக்கு மூன்றாம் வகை. நான்கில் ஒருவருக்கு முதல் வகை. எஞ்சியது பெரும்பாலும் 4, 6. வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ரயிலாக நோயாளிகள் வருவதால் அந்தக் கணக்கில் தமிழ்நாடு மட்டும் இல்லை. வடக்கோடு ஒப்பிட்டால் தெற்கில் முதல் வகையின் பங்கு கூடுதல் என்பது மற்ற ஆய்வுகளிலும் காணப்படுவது.

மரத்தில் இன்னும் கிளை முளைக்கிறது. ஏழாம் வகை காங்கோவிலிருந்து கனடா போனவர்களிடம் கிடைத்தது. 2018-இல் கனடாவில் வாழும் நான்கு பேரின் வைரஸ் எந்தக் கிளையிலும் உட்காரவில்லை. அந்த நால்வருக்கும் ஒருவரோடொருவர் தொடர்பில்லை. நால்வரும் பஞ்சாபிலிருந்து போனவர்கள். அதுதான் எட்டாம் வகை. பஞ்சாபில் எத்தனை தலைமுறையாக அது யாருக்கும் தெரியாமல் இருந்ததோ! நம் நாட்டு வைரஸை நாம் படிக்காமல் விட்டு, வெளிநாட்டில் போய்ப் படிக்க நேர்ந்ததில் எனக்கு வருத்தமுண்டு.

இப்போது இந்த வைரஸ் பரவிய வழிக்கு, ஊசிக்கு வருகிறேன். ராசிபுரம் பக்கத்தில் என் சிறுவயதில், காய்ச்சல் என்றால் ஊசி போட்டால்தான் வைத்தியம். “மாத்திரையெல்லாம் வேண்டாமுங்க, ஒரு ஊசி போட்டு உட்ருங்க” என்று கேட்டு வாங்குவார்கள். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் தட்டையான எவர்சில்வர் பெட்டி. அதற்குள் கொதிநீரில் ஒரு கண்ணாடிச் சிரிஞ்சு, மூன்று நான்கு ஊசிகள். கம்பவுண்டர் இடுக்கியால் எடுத்து, உதறி, மருந்தை ஏற்றி, குத்தி, சுடுநீரை ஒருமுறை உறிஞ்சிப் பீய்ச்சிவிட்டு, அடுத்த கையைப் பிடிப்பார். சந்தை நாளில் வரிசை திண்ணையைத் தாண்டி வேம்படிவரை நிற்கும். கூட்டம் கூடக்கூடக் கொதிக்கும் நேரம் குறையும். அவர் கெட்டவர் அல்ல, பலரைக் காப்பாற்றியவர். சிரிஞ்சின் அடியில் தங்கும் ஒரு துளிக்குள் இந்த வைரஸ் அறை வெப்பத்தில் அறுபது நாள்வரை உயிரோடிருக்க முடியும் என்று 2010-இல்தான் சோதித்துக் காட்டினார்கள்.

தொற்றியவருக்குக் காமாலை வந்திருந்தால் விடிந்ததும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருப்பார்கள், எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளிக்காது, பசி கெடாது. இருபது முப்பது வருடம் கழித்து வயிற்றில் நீர் கோத்து வரும்போது, அந்தச் சந்தை நாளை யார் நினைப்பார்கள்? அந்தக் கம்பவுண்டர் செய்ததையே எகிப்தில் அரசாங்கம் பெரிய அளவில், நல்லெண்ணத்தோடு செய்தது. நத்தைக் காய்ச்சல் புழுவை ஒழிக்க 1950-களிலிருந்து கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். நான்காம் வகை அந்த ஊசிகளின் வழியே ஒரு நாட்டையே பிடித்தது. எப்போது பெருகியது என்பதை வைரஸின் பிழைகளை எண்ணியே பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். கணக்கு அந்த ஊசி இயக்கத்தின் காலத்தோடு பொருந்தியது. நம் நாட்டில் காசுக்கு ரத்தம் விற்பது 1998-இல் தடைசெய்யப்பட்டது. தானம் பெறும் ரத்தத்தை இந்த வைரஸுக்குச் சோதிப்பது 2001-க்குப் பிறகே கட்டாயமானது.

வகை எண்ணுக்கு ஒரு காலத்தில் நோயாளியின் வாழ்க்கையில் பெரிய எடை இருந்தது. இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான் மருந்து. முதல் வகை என்றால் 48 வாரம். பாதிப் பேர்கூடத் தேற மாட்டார்கள். மூன்றாம் வகை என்றால் 24 வாரம், தேறும் வாய்ப்பு அதிகம். வாராவாரம் குளிர்காய்ச்சல், முடி உதிர்தல், மனச்சோர்வு. அந்த ஒரு எண்ணுக்காகத்தான் நோயாளிகள் வேலூருக்குப் பஸ் ஏறினார்கள்.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர் இதைத் தலைகீழாக்கியது. அது ஒரு போலி ‘யு’. நகலெடுக்கும் நொதி உண்மையான எழுத்தென்று நம்பி அதை வரியில் சேர்த்துவிடும். சேர்த்த பிறகு அடுத்த எழுத்தை ஒட்ட இடமிருக்காது. பிரதி பாதியில் நின்றுபோகும். எல்லா வகையிலும் மாறாமலிருக்கும் நொதியின் உள்ளங்கையில் போய் உட்காருவதால் வகை பார்க்காமல் வேலை செய்கிறது. அமெரிக்காவில் அப்போது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். 2014-இல் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று, அடுத்த வருடம் செய்யத் தொடங்கியதும் 28 மாத்திரைப் புட்டி இருபதாயிரம் ரூபாய்க்கு வந்தது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். ஈரல் சுருங்காதவருக்குச் சோஃபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும் தினம் ஒன்று, பன்னிரண்டு வாரம். சுருங்கியிருந்தால் டக்லடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விர். நூற்றில் தொண்ணூறுக்கு மேல் முழுக் குணம். வகை பார்க்கத் தேவையில்லை என்று திட்டமே சொல்லிவிட்டது.

தேவையில்லைதான், பெரும்பாலோருக்கு. இருந்தாலும் மூன்றாம் வகை மற்றவை போல இல்லை. ஈரல் செல்லுக்குள் கொழுப்பைச் சேர்க்கும். ஈரலைச் சீக்கிரம் தழும்பாக்கும். சுருங்கிய ஈரலில் மருந்துக்கு முரண்டு பிடிக்கும். என்.எஸ்.5ஏ என்ற அதன் புரதத்தில் 93-ஆவது இடத்தில் டைரோசின் இருக்க வேண்டும். அதை எழுதும் மூன்று எழுத்து யு-ஏ-சி. முதல் எழுத்து மட்டும் சி ஆகிவிட்டால் சி-ஏ-சி, ஹிஸ்டிடின். அந்த ஒரு எழுத்துப் பிழை போதும், டக்லடாஸ்விர் பிடி நழுவிவிடும். மருந்து முடித்தும் வைரஸ் திரும்பியவருக்கு, அந்த இடத்தைப் படித்துப் பார்க்காமல் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல.

வைரஸின் எழுத்தைப் படிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. ஸ்பெயினில் வாலென்சியா நகரத்தில் மயக்க மருந்து நிபுணர் ஹுவான் மாயெசோ, தான் போட்டுக்கொண்ட ஊசியாலேயே நோயாளிகளுக்கும் மருந்து செலுத்தியதாக வழக்கு. நூற்றுக்கணக்கானவர்களின் வைரஸைப் படித்து, பிழைகளை ஒத்து, மரம் வரைந்து நீதிமன்றத்தில் வைத்தார்கள். 275 பேரின் வைரஸ் அவருடைய கிளையில் வந்து அமர்ந்தது. 47 பேருடையது அமரவில்லை. அவர்களுக்கு வேறெங்கோ தொற்றியிருக்கிறது என்று விலக்கினார்கள். 2007-இல் தண்டனை விதிக்கப்பட்டது. சாட்சிகள் மறந்துபோன பிறகும் எழுத்து மறக்கவில்லை.

டயாலிசிஸ் கூடத்தில் ஒரு மூலையில் ‘சி பாசிட்டிவ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய இயந்திரம் தனியாக நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், மொத்த ரத்தமும் வெளியே போய்த் திரும்பி வரும் இடம். திருச்செங்கோடு பக்கத்திலிருந்து வரும் ஒருவரை எனக்குத் தெரியும். போர்வெல் வண்டியில் இருபது வருடம் வடக்கெல்லாம் சுற்றியவர். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியபோது ‘சி’ இல்லை. ஒன்றரை வருடம் கழித்து இருந்தது. மருந்து இலவசமாகக் கிடைத்தது. பன்னிரண்டு வாரம் முடித்து, இன்னும் பன்னிரண்டு வாரம் பொறுத்து எடுத்த பி.சி.ஆரில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

“எப்படிங்க வந்துச்சு எனக்கு?” என்று கேட்டார். “வண்டில போறப்பவே வந்துச்சுங்களா, இல்ல இந்த மிஷின்லயா?”

பதில் அவருடைய ரத்தத்தில் இருந்தது. முதல் மாத்திரைக்கு முன் இரண்டு மில்லி எடுத்து உறையவைத்து, பக்கத்துக் கட்டில்காரருடையதையும் சேர்த்து வேலூருக்கோ சென்னைக்கோ அனுப்பியிருந்தால், இருவரின் பிழைகளும் ஒத்துப்போகின்றனவா என்று படித்துச் சொல்லியிருப்பார்கள். ஒத்துப்போனால் அந்தக் கூடத்தில் எந்தக் கை, எந்தக் குழாய் என்று தேடி, மூன்றாவது ஆளுக்குப் போகாமல் அடைத்திருக்கலாம். யாரும் எடுக்கவில்லை. விதியில் கேட்கவில்லை.

“வைரஸ் போயிருச்சுங்கண்ணா, இனி பார்க்க முடியாதுங்க” என்று சொன்னேன். சிரித்துவிட்டு, ஊசி ஏற்றக் கையை நீட்டினார். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருந்தான், அன்றைக்குத்தான் முதல் நாள்.